குளிப்பாட்டியவள் கண்டது

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் பால் திரிந்தால் காசிமேடு வரை தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் வாயைத் திறக்காமலே பெரிய மனுஷி ஆனவள் ஜஹானாரா. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் எந்தப் பெண் இறந்தாலும், மய்யித்தைக் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டாள். கழுவி, கஃபன் துணியைச் சுற்றி, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள்.

குளிப்பாட்டுகிறவள் உடம்பில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது. இறந்தவளுக்குச் செய்யவேண்டிய கடைசி மரியாதை அது. யார் முதுகில் தேமல், எந்தக் கிழவி கையில் யார் பேரைப் பச்சை குத்தியிருந்தாள், ஒரு சொல் வெளியே வராது. "ஜஹானாராக்கா வாய்க்குப் பூட்டு போட்டு சாவிய கடல்ல வீசிட்டாங்கமே" என்று தெருப் பெண்கள் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்றிருக்கும். கர்வம் என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்வாள். கர்வம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே தெரு ஜெரினாவின் மூத்த மகள் ரஹீமா இறந்தாள். கைக்குழந்தைக்காரி. வலிப்பு வந்து குளியலறையில் விழுந்துவிட்டாள் என்றான் புருஷன் மொஹ்சின். அவனுக்குத் திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளை ஏற்றி இறக்கும் இடத்தில் சூப்பர்வைசர் வேலை. சலாம் சொல்லாமல் யாரையும் தாண்டிப் போகமாட்டான். சின்ன வயதில் ரஹீமாவுக்கு வலிப்பு வந்தது ஊருக்கே தெரியும். அதனால் டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட்டார், ஊரும் அழுதுவிட்டது.

ஜெரினா மயங்கி மயங்கி விழுந்ததால் அவளை உள்ளே விடவில்லை. ஜஹானாராவும் உதவிக்கு ஒரு கிழவியும்தான். கிழவிக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. தாடையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தபோது ஜஹானாரா பார்த்தாள். தொண்டையின் ஒரு பக்கம் வரிசையாக விரல்கள் பதிந்த கன்றல், மறுபக்கம் கட்டைவிரல் பதிந்த இடம். ஒரு கை அப்படியே அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது.

கையிலிருந்த மக் நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டாள். வலது பக்கம் கழுவினாள், இடது பக்கம் கழுவினாள், கஃபனைக் கழுத்து மறையச் சுற்றினாள். வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு முகம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

"நூரா, வெளிச்சமா இருந்திச்சு" என்றாள்.

ஆண்கள் பக்கம் நின்றிருந்த மொஹ்சின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மூச்சு விட்டான். அவன் மூச்சு விட்டதையும் அவள் பார்த்தாள்.

அப்புறம் பல நாள் சோறு இறங்கவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். ஒரு நடை போய், கண்டதைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். அவள் போகவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் பூட்டைத் திறக்க வேண்டும். நான் கடமையைச் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்படிச் சொல்லிக்கொள்வது எவ்வளவு சுகம் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

குழந்தை இருக்கிறதே என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் மாற்றாந்தாய், சொந்தச் சித்தி வந்தால் தாய். சின்னவள் தஸ்னீமை மொஹ்சினுக்கே கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. தஸ்னீம் அப்போதுதான் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதலில் மாட்டேன் என்றாள். குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டதும் சரி என்றுவிட்டாள்.

நிக்காஹ் தேதி குறிப்பதற்கு முன்னால் ஜெரினா ஜஹானாராவைத் தேடி வந்தாள். சும்மா வரவில்லை, பயந்துபோய் வந்தாள்.

"அக்கா, எம் மனசு கெடந்து அடிச்சிக்குது. பெரியவள நீதான கழுவின. எதுனா கண்டியா? எங்கிட்ட மட்டும் சொல்லு. சின்னவள அந்த வூட்டுக்கு அனுப்பலாமா?"

இதைவிட நேராக ஒரு தாய் எப்படிக் கேட்பாள்? ஜஹானாராவின் நாக்கு மேலண்ணத்தைவிட்டுப் பிரிந்தது. சொல்லியிருப்பாள். ஆனால் வாசலில் பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கட்டிக்காத்த பேர் அவர்கள் கண்ணெதிரில் போய்விடும்.

"இன்னா ஜெரினா, தெரிஞ்சிகினே கேக்குறியே. நான் கண்டத என்னிக்கு சொல்லிகீறேன்? அது எனக்கு ஹராம்."

"அப்போ பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல, அப்படித்தானே? இருந்தா நீ வுட மாட்ட."

ஜஹானாரா பேசாமல் இருந்தாள். ஜெரினா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிம்மதியாகப் போனாள். வாசலில் நின்ற ஒருத்தி, "பாத்தியா, பெத்தவ கேட்டும் வாயத் தொறக்கல" என்று மெச்சினாள். பாவி ஜஹானாராவுக்கு அப்போதும் ஜில்லென்றிருந்தது.

தஸ்னீம் அந்த வீட்டில் எட்டு மாதம் வாழ்ந்தாள். மாடிப்படியில் உருண்டுவிட்டாள் என்றான் மொஹ்சின்.

இந்தத் தடவை ஜெரினா மயங்கவில்லை. அழவும் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நானும் கழுவுகிறேன் என்று உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டாள். ஜஹானாரா தண்ணீர் ஊற்ற, ஜெரினா தாடைத்துணியை அவிழ்த்தாள்.

அவிழ்த்தவள் கத்தினாள். அது மனுஷக் குரலாகவே இல்லை. அதே இடம், அதே கை. ஜஹானாரா தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கை நடுங்கவில்லை, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. ஜெரினாவின் கத்தல் பாதியில் நின்றது. மகளின் கழுத்தைவிட்டு ஜஹானாராவின் கையைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஏன் பதறல?"

ஜஹானாரா மக்கைக் கீழே வைத்தாள்.

"எங்க பெரியவளுக்கும் இருந்திச்சா?"

ஜஹானாரா அவிழ்ந்து கிடந்த தாடைத்துணியை எடுத்து மடித்தாள்.

"இருந்திச்சாடீ?"

"இருந்திச்சு."

ஜெரினா அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஜஹானாராவுக்கு நன்றாக இருந்திருக்கும். தரையிலேயே உட்கார்ந்து, மெல்லத்தான் கேட்டாள்.

"மய்யித்தோட கொறையத்தான் மறைக்கணும்னு கீது. எம் புள்ளைங்களுக்கு இன்னாடி கொறை? நீ மறைச்சது யாரு கொறைய?"

கதவு திறந்தது. போலீஸ் வந்தது, மொஹ்சினைக் கூட்டிப்போனது. தஸ்னீமைப் பாதிக் குளியலோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். மூத்தவளையும் இவன்தான் கொன்றான் என்று ஜெரினா இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். அவனோ, அது வலிப்பு, டாக்டரே எழுதிக் கொடுத்தார், ஜஹானாரா அம்மாதான் குளிப்பாட்டினாங்க, எதாவது இருந்திருந்தா அப்பவே சொல்லியிருக்க மாட்டாங்களா என்றான். தெருவில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவள் பேருக்கு அவ்வளவு மதிப்பு.

தாசில்தார் முன்னிலையில் ரஹீமாவின் கபரைத் தோண்டினார்கள். இரண்டு மழைக்காலம் கண்ட மண், களியாக வந்தது. தார்ப்பாய் மறைப்புக்குள் ஜஹானாராவைக் கூப்பிட்டார்கள். டாக்டர் மூக்கைக் கட்டியிருந்த துணியைச் சற்று இறக்கிவிட்டு, "எந்த இடத்துல பார்த்தீங்கம்மா, காட்டுங்க" என்றார்.

அவள் குனிந்து விரலை நீட்டினாள். மக்கிப்போன கஃபனுக்குள் எலும்பும் சேறும் கிடந்தன. கழுத்து என்று காட்ட ஒன்றும் இல்லை. எலும்பு நொறுங்கியிருக்கிறது, எப்போது எதனால் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் எழுதிக்கொண்டார். நீட்டிய விரலை அவள் மடக்கவில்லை.

"காட்டு" என்றாள் பின்னாலிருந்து ஜெரினா. "இப்போ காட்டுடீ."

ஜஹானாரா தான் கண்டதையெல்லாம் சொன்னாள். சத்தமாக, விரல் விரலாக, எந்தப் பக்கம் எத்தனை என்று சொன்னாள். தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். குழிக்குள் நின்ற ஆள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, மூடலாமா சார் என்று கேட்டான்.