ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பொட்டு

நூல் கோர்க்கும்போது மோட்டாரை அணைக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. பிஷ்கெக் நகரின் அந்த நிலவறைத் தையற்கூடத்தில் யாரும் அணைப்பதில்லை. ஊசிமேல் வெளிச்சம் போடும் சிறு விளக்கும் மோட்டாரும் ஒரே சுவிட்சில் இருந்தன. மோட்டாரை அணைத்தால் விளக்கும் அணையும். இருட்டில் யார் கோர்ப்பது?

சோனுனுக்கு விளக்கு எரிந்தாலும் ஊசிக் காது தெரியவில்லை. நாற்பத்தாறு வயதில் வருவதுதான். ஆனால் ஒருமுறை கண்ணாடி போட்ட ஒருத்தி தைத்த ஒரு கட்டுக் கோட்டு முழுவதும் தையல் கோணிப்போன பிறகு, முதலாளி தமீரா கண்ணாடி போட்டவர்களை மெஷினில் உட்காரவிடுவதில்லை. அவர்களுக்கு மூலையில் பிசிறு வெட்டும் மேஜை, பாதிக் கூலி. சோனுனின் மகள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"மேரிம், கொஞ்சம் வந்து கோத்துக் குடுடி."

பக்கத்து மெஷினிலிருந்து மேரிம் எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது, கழுகுக் கண்.

"மறுபடியுமா அக்கா? உங்க பொண்ணக் கேட்டு ஆளு வர்றப்ப என்னையும் கூப்பிடுங்க. வந்திருக்கிறது மாப்பிள்ளையா, அவன் அப்பனான்னு நான் பாத்துச் சொல்றேன்."

"மெதுவாப் பேசு. முதலாளி காதுல விழப்போகுது."

டிசம்பரில் மேரிம் ஒரு குப்பி வெள்ளை நெயில் பாலிஷ் கொண்டுவந்தாள். ஊசிக்கு நேர் பின்னால் நிற்கும் கம்பியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"இப்பப் பாருங்க."

மங்கிக் கிடந்த ஊசியில், மணல் அளவு வெள்ளையாகத் துளை தெரிந்தது. சோனுன் நூல் நுனியைச் சாய்வாக வெட்டி, நன்றாகக் குனிந்து நீட்டினாள். முதல் தடவையிலேயே நுழைந்தது.

"இனி எனக்கு வேலையில்ல" என்றாள் மேரிம்.

சிமெண்டுத் தரை குளிரைக் கக்கியது. எல்லோரும் தடித்த கம்பளி பூட்ஸோடுதான் மெஷின் மிதித்தார்கள். மதியத்துக்குள் சோனுனுக்குப் பாதம் இருப்பதே தெரியாது. முன்னால் குனிந்தால் உடல் பாரம் வலது காலுக்குப் போகும். அந்தக் கால் மோட்டாரை ஓட்டும் மிதியின் மேல் இருந்தது.

திங்கட்கிழமை, அவள் கோர்த்துக்கொண்டிருக்கும்போது ஊசி ஒருமுறை தானாக இறங்கி ஏறியது. விரலுக்கும் அதற்கும் ஒரு நூல் இடைவெளி. புதன்கிழமை இன்னொரு முறை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அணைத்துவிட்டுக் கோர்க்கச் சொல்வார்கள். விளக்கில்லாமல் பொட்டும் தெரியாது.

வியாழக்கிழமை தமீரா அவள் பின்னால் வந்து நின்றாள். சோனுன் இன்னும் கிட்டக் குனிந்தாள். நூல் நுழைந்தது. நுனியைப் பிடித்து இழுத்தபோது மோட்டாரின் ரீங்காரம் ஒரு கணம் மாறியது.

ஊசி ஆட்காட்டி விரல் நகத்தைத் துளைத்து நின்றது.

குனிந்த முதுகு அதைத் தமீராவிடமிருந்து மறைத்தது. சோனுன் மறு கையால் சக்கரத்தைத் திருப்பி ஊசியை உயர்த்தி, விரலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். அவள் நிமிர்ந்தபோது தமீராவின் கண் பொட்டின் மேல் இருந்தது.

"இது யாரு யோசனை?"

"மேரிமோடது."

"பாத்தீங்களாடி? இந்த வயசுல ஒரு நொடியில கோத்துட்டா. நாளைக்கு எட்டு மெஷினுக்கும் வைங்க. கோக்கறதுக்கு நேரம் ஆச்சுன்னு இனி யாரும் சொல்லக்கூடாது."

போகிற போக்கில் சுவரில் இருந்த, மோட்டாரை அணைக்கச் சொல்லும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை மேரிம் பாட்டு முணுமுணுத்தபடி மீதி ஏழு மெஷினுக்கும் பொட்டு வைத்து முடித்தாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து, சோனுனைப் போலவே முகத்தை ஊசிக்குக் கொண்டுபோனாள். மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. கம்பளி பூட்ஸ் மிதியில் இருந்தது.

"மேரிம்! காலை எடு!"

சோனுன் கத்தியதில் எல்லோரும் திரும்பினார்கள். தமீராவும் வந்தாள். சோனுன் துணி சுற்றிய விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"நேத்து நீங்க பின்னால நின்னப்பதான் குத்துச்சு. பூட்ஸுக்குள்ள கால் மரத்துப் போகுது. கிட்டக் குனிஞ்சா தானா அழுத்திருது. விளக்குக்குத் தனி சுவிட்ச் போடுங்க முதலாளி."

"எதுக்கு அவ்வளவு கிட்டக் குனியற?"

சோனுன் தூக்கிய விரலை இறக்கிக்கொண்டாள்.

"அப்ப கண்ணு தெரியாமலேயே இத்தனை நாள் என் துணியத் தெச்சிருக்க."

பிற்பகலில் சோனுன் மூலை மேஜையில், குட்டை முக்காலியில் உட்கார்ந்து பிசிறு வெட்டினாள். அங்கிருந்து பார்த்தால் மெஷின்களின் அடியில் கால்கள் மட்டும் தெரிந்தன. நூல் கோர்க்கும்போதெல்லாம் மேரிம் இரண்டு காலையும் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டாள். மற்ற ஆறு பேர் வைக்கவில்லை.

சோனுனின் இடத்தில் புதிதாக ஒருத்தி. அவளுக்கும் பொட்டு பிடித்துப் போயிற்று, சிரித்துக்கொண்டே குனிந்தாள்.

"காலை எடும்மா" என்றாள் சோனுன்.

எட்டு மோட்டார்களின் சத்தத்தில் அது கேட்கவில்லை. அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தாள். நடந்துபோக ஏழு மெஷின் தூரம் இருந்தது.