இறங்குகிற கோடு

காது பதிவு அலுவலகத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தறிக்காரிக்கு வேண்டியது 'காது கேளாதவர்' என்ற ஒரே ஒரு முத்திரை. அது விழுந்தால் ஆலையில் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். விழாவிட்டால் மறுபடியும் தறிகளுக்கு நடுவிலேயே கிடந்து, மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சக் காதும் போய்ச்சேரும்.

எதிர்ச்சுவரில் கண்ணாடி போட்ட வரைபடம். பதிவான காது கேளாதவர்களின் எண்ணிக்கைக் கோடு வருடாவருடம் சறுக்குமரம் மாதிரி இறங்கியிருந்தது.

"நான் வந்தப்புறம் செவிடே குறைஞ்சுபோச்சு, பாத்தியா?" என்று அதிகாரி அவள் முகத்துக்கு நேரே கத்தினார்.

"ஆலைச் சத்தம் குறையலையே சார். நீங்க என்ன, மந்திரமா போட்டீங்க?"

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. திரும்பாம உக்காரு."

காது சோதிக்கும் கருவி உறைபோட்டு மூலையில் கிடந்தது. அவருடைய சோதனையே வேறு. முதுகுக்குப் பின்னால் நின்று திட்டுவார். முகம் மாறினால் காது கேட்கிறது என்று எழுப்பி அனுப்பிவிடுவார்.

அவளுக்கு ஒரு சத்தமும் எட்டவில்லை. ஆனால் தறி இரைச்சலில் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்தே பேசிப் பழகிய கண்ணாயிற்றே. வரைபடக் கண்ணாடியில் அவர் வாய் பளிச்சென்று தெரிந்தது.

'சோம்பேறிக் கழுதை.' கல்லாக இருந்தாள். 'நடிக்க வந்துட்டா.' பல்லைக் கடித்தாள். 'இவ பிடுங்கல் தாங்காமத்தான் புருஷன் போய்ச்சேர்ந்திருப்பான்.'

நாற்காலி கவிழ்ந்தது. "அந்த மனுஷனைப் பத்திப் பேச உனக்கு என்னடா யோக்கியதை?"

"காது ஜோராக் கேக்குதே!"

"கேக்கலய்யா, கண்ணாடியில பாத்தேன்!"

"இந்தக் கதையெல்லாம் வேண்டாம், வெளிய போ. அடுத்த ஆள்!"

அடுத்த ஆள் அவள் நாத்தனார், அதே ஆலைக்காரி. அண்ணன் செத்த வீட்டில் இதே வார்த்தையை எல்லார் முன்னாலும் சொன்னவள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. வாசலில் எதிர்ப்பட்டபோது தறிக்காரி ஒரு கணம் முறைத்தாள். பிறகு, அதிகாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

'உள்ள போனதும் கண்ணை மூடிக்க. என்கிட்ட உங்க அண்ணனையே இழுத்தான்.'

முத்திரைத் தாளோடு நாத்தனார் வெளியே வந்தாள். நன்றி சொல்லவில்லை. அவளும் வாயைத்தான் அசைத்தாள்.

'நான் அன்னிக்குச் சொன்னதைத்தானே அவனும் உன்கிட்ட சொன்னான்?'

'ஆமாடி. அதான் அவனை அறையணும்னு கை ஊறிச்சு.'

தறிக்காரி நாத்தனாரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, வரிசையில் இருந்த ஆலைப் பெண்களிடம் போனாள். ஒவ்வொருத்தி முகத்துக்கு முன்னாலும் நின்று, கண்ணை மூடிக்கொள்ளும்படி வாயசைத்துச் சொன்னாள். கோடு ஏறட்டும், அவன் வயிறு எரியட்டும். பிறகு அவள் தறிக்குத் திரும்பினாள்.