முப்பத்தொன்றாம் எண்

ஆஸ்பத்திரியின் கணினி அறையில் மூன்றாவது கேபிளையும் பிடுங்கி, முனையை ஊதி, மறுபடி செருகினாள் அவள். விளக்கு உடனே பச்சையாகக் கண் சிமிட்டியது. எரிச்சலே அதுதான். எல்லா விளக்கும் பச்சை, எங்கேயும் கோளாறு இல்லை. ஸ்கேன் படம் மட்டும் போகவில்லை.

"மேடம்!" ஸ்கேன்காரர் இரண்டு மாடி இறங்கி ஓடி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தார். "இன்னும் போகல மேடம். ஆபரேஷன் தியேட்டர்ல பெரிய டாக்டர் கையுறை மாட்டிட்டு நிக்கறார். ஒம்பது வயசுப் பொண்ணு. ரோட்டுல அடிபட்டு, மண்டைக்குள்ள ரத்தம் கசியுது. எங்கேன்னு படத்துல பாத்தாத்தான் கத்தி வைப்பாராம்."

"எவ்ளோ நேரம் இருக்கு?"

"அரை மணிக்குள்ள ஆரம்பிச்சாகணும்னாங்க. அதுல பத்து நிமிஷம் போயே போச்சு."

"சிடில போட்டுக் கொண்டுபோங்களேன்."

"புது மெஷினுக்கு சிடி போடற வாயே கிடையாது மேடம். பெருமையா வாங்கினாங்கல்ல."

அந்தப் பத்து நிமிடத்தையும் கேபிளில் தொலைத்தவள் அவள்தான். ஸ்கேன் மெஷினில் ‘எழுத இடமில்லை’ என்று வந்ததாக இவர் முதலிலேயே போனில் சொன்னார். பதினெட்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைக் கட்டி மேய்க்கிறவள், அதை நம்பவில்லை. காரணம், சுவரில் தொங்கிய பெரிய திரை.

திரைக்குப் பின்னால் ஒரு கண்காணிப்பு நிரல் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டடத்திலுள்ள ஒவ்வொரு கணினிப் பெட்டியையும் எஸ்.என்.எம்.பி. என்கிற பொதுமொழியில் கூப்பிட்டு, ‘உன் சேமிப்பு வட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது?’ என்று விசாரிக்கும். எண்பதைத் தாண்டினால் மஞ்சள். தொண்ணூறைத் தாண்டினால் சிவப்பு, கூடவே அவள் கைபேசி அலறும். ஸ்கேன் படங்கள் போய்ச் சேரும் சேமிப்புப் பெட்டிக்கு நேரே இப்போதும் பச்சையில் நாற்பத்தொன்று சதவீதம். பாதிகூட நிறையாத பெட்டியில் இடமில்லை என்றால் எவர் நம்புவார்?

வேறு வழியில்லாமல் நத்தையை அழைத்தாள். மூன்று வருடம் முன்பு அந்தப் பெட்டியை நிறுவியவன் அவன். எதையும் இரண்டு தடவை எண்ணாமல் தொடமாட்டான் என்பதால் அலுவலகமே சேர்ந்து வைத்த பெயர் அது. ஒரு மணி நேரம் முன்புதான் ‘இன்னிக்கு வரமுடியாதுக்கா’ என்று ஒற்றை வரி அனுப்பியிருந்தான். முதல் மணியிலேயே எடுத்தான்.

"நத்தை, லீவ்ல கூப்பிடறேன், திட்டாதே. படப் பெட்டி எழுத மாட்டேங்குது. தியேட்டர்ல ஒரு குழந்தை காத்துட்டிருக்கு."

"சொல்லுங்கக்கா." குரல் தாழ்ந்திருந்தது. "திரையில என்ன காட்டுது?"

"நாப்பத்தொண்ணு."

"நேத்து?"

திரையில் வரைகோட்டைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தாள். "நாப்பத்தொண்ணு."

"போன மாசம்?"

இன்னும் பின்னால் இழுத்தாள். பதினோரு வாரமாக அந்தக் கோடு ஒரு மயிரிழைகூட ஏறாமல் இறங்காமல் படுத்துக் கிடந்தது. தினமும் நூற்றுக்கணக்கில் படம் வந்து விழுகிற பெட்டி ஒரே எண்ணில் எப்படி நிற்கும்? மேலே வார்டில் ஒரு கோடு இப்படிப் படுத்தால் நர்ஸுகள் பறந்து வருவார்கள். இங்கே பச்சை என்று பார்த்துவிட்டு அவள் டீ குடிக்கப் போயிருக்கிறாள்.

இந்தத் தடவை பெட்டியிடம் ஒரே ஒரு எண்ணை மட்டும் விசாரிக்காமல், மொத்தப் பட்டியலையும் கேட்டாள். ஒவ்வொரு பகுதியும் அதனதன் எண்ணோடு வரிசையாக வந்து விழுந்தது. முப்பத்தொன்று: பெட்டியின் சொந்த மென்பொருள் குடியிருக்கும் சின்னப் பகுதி, நாற்பத்தொன்று சதவீதம். முப்பத்தாறு: ஸ்கேன் படங்கள், நூறு சதவீதம்.

நிரலுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். முப்பத்தொன்று என்றால் படங்கள் என்று என்றோ நத்தை சொல்லிவைத்தது. நிறுத்தி எழுப்பினால் பெட்டி தன் பகுதிகளுக்குப் புதிதாக எண் போட்டுக்கொள்ளும். பழைய ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது தெரியாமல் அதே கதவைத் தட்டி, உள்ளேயிருந்த வேறு யாரோ ‘சௌக்கியம்’ என்றதைப் பதினோரு வாரமாக எழுதிக்கொண்டிருந்தது நிரல்.

பதினோரு வாரம் முன்பு மென்பொருளைப் புதுப்பித்து, பெட்டியை நிறுத்தி எழுப்பியது அவள். எழுப்பியதும் எண்களைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? திரை பச்சையாக இருந்தது. எழுந்து போய்விட்டாள்.

"தம்பி... அன்னிக்கு ரீஸ்டார்ட் பண்ணது நான்தான்டா. நம்பரைப் பாக்கவேயில்ல."

"அதை அப்புறம் பேசலாம்கா. உள்ள ‘பழசு’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கா?"

"இருக்கு. வட்டுல கால்வாசி அதுவே முழுங்கியிருக்கு."

"பழைய பெட்டியிலேர்ந்து மாத்தினப்போ நான் எடுத்த நகல். அதை அழிச்சா போதும். ஆனா கொஞ்சநஞ்சம் அழிச்சா ஆகாது. முட்ட நிறைஞ்சுட்டா, பத்து சதவீதம் காலியாகற வரைக்கும் அது கதவையே திறக்காது."

"நகல்தானே? மொத்தத்தையும் தூக்கிடறேன்." விரல் விசைக்குப் போய்விட்டது.

"அக்கா, நில்லுங்க."

நின்றாள்.

"மாத்தின வாரம், ரெண்டு நாள் ஸ்கேன் மெஷின் நேரா பழைய பெட்டிக்கே எழுதிச்சு. அந்தப் படமெல்லாம் இந்த நகல்ல மட்டும் இல்லாம புதுசுக்கும் வந்துச்சான்னு எனக்கு நிச்சயமாத் தெரியல. ரெண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு அழிங்க."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஆறு நிமிஷம்."

ஸ்கேன்காரருக்குக் காது பாம்புக்காது. "ஆறு நிமிஷமா? அழிச்சுத் தொலைங்க மேடம்! மூணு வருஷப் பழசை எவன் வந்து கேக்கப்போறான்?"

அவளுக்கும் அதுதான் தோன்றியது. "அவர் சொல்றதுல என்னடா தப்பு? தியேட்டர்ல இருக்கறது ஒரு உயிர். அந்த ரெண்டு நாளைத் தேதி பாத்துப் பிரிக்க முடியாதா?"

"ஒரே குவியலாக் கொட்டியிருக்கேன்கா. பிரிக்க முடியாது."

"அப்ப நீயே சொல்லு. அழிச்சுடவா?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியைப் பார்த்தாள். அறுபடவில்லை.

"நத்தை?"

"இருக்கேன்கா." ஒவ்வொரு சொல்லாக எண்ணிப் பேசினான். "அதுல ஒருத்தருக்குத் தலையில கட்டி இருந்திருக்கும். வளந்துச்சா, அப்படியே இருக்கான்னு டாக்டர் பாக்கறதுக்கு அந்த ஒரு படம்தான் இருக்கும். அவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே? எண்ணிடுங்க."

அவள் ஒப்பிடும் கட்டளையைத் தட்டினாள்.

ஆறு நிமிடம் என்பது அவ்வளவு நீளம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஸ்கேன்காரர் சுவருக்கும் கதவுக்குமாக நடந்தார். அவர் கைபேசி இரண்டு முறை அடித்தது. இரண்டு முறையும் "இதோ, இதோ" என்றார். நத்தை இன்னும் இணைப்பில்தான் இருந்தான். மூச்சு மட்டும் கேட்டது. லீவில் இருக்கிறவன் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

முடிவு வந்தது. பழசில் மட்டுமே இருந்தவை: இருநூற்றுப் பதினாலு படங்கள். பதினோரு நோயாளிகள்.

அவள் எண்ணிக்கையை மறுபடி படித்தாள். "பதினோரு பேர் தம்பி. வேற எங்கேயும் இல்ல."

"அதை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை அழிங்க."

அழித்தாள். முப்பத்தாறாம் எண் இறங்கத் தொடங்கியது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றைந்து. இருபது நிமிடம் தாண்டிவிட்டது என்று ஸ்கேன்காரர் சொன்னார். அதை அவள் கேட்கவில்லை. தொண்ணூற்றொன்று. அங்கேயே நின்று உயிரை வாங்கியது. எண்பத்தொன்பது.

"இப்ப அனுப்பச் சொல்லுங்க!"

ஸ்கேன்காரர் கைபேசியில் மேல்மாடிக்குக் கத்தினார். வரிசையில் தேங்கிக் கிடந்த படங்கள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன. ஒரு நிமிடம். இரண்டு. அவர் கைபேசி மறுபடி அடித்தது. கேட்டார். முகம் கோணி, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல், "தியேட்டர்ல வந்துடுச்சாம் மேடம். முழுசா வந்துடுச்சாம்" என்றார். வந்த வேகத்திலேயே படியேறி ஓடினார்.

அவள் நாற்காலியில் சரிந்தாள்.

"போயிடுச்சு தம்பி. நாலு நிமிஷம் மிச்சத்துல போயிடுச்சு."

அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்கறியா? நாளைக்கு நானே மேலிடத்துல எழுதிக் குடுக்கறேன். தப்பு என்னோடது. நம்பரை நம்பாம பேரை வெச்சுத் தேடற மாதிரி நிரலையும் மாத்திடறேன். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா அவளைப் பெத்தவங்க மூஞ்சியில நான் எப்படிடா..."

"அக்கா," என்றான் நத்தை.

கைபேசிக்குள் எங்கோ ஒரு கதவு தள்ளித் திறக்கும் ஓசை கேட்டது. அவசரமான ஒரு பெண் குரல், மிக அருகில்.

"படம் வந்துடுச்சு, ஆரம்பிச்சுட்டாங்க. உள்ள இருக்கற பொண்ணோட அப்பா இங்க யாருங்க?"

"நான்தாங்க."