எட்டே முக்காலுக்குக் கிளம்பிய கார்

அப்பா விட்டுப்போன காரின் கதவைத் திறந்தாலே எனக்குக் குமட்டும். அண்ணன் ஓட்டிய வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். சாம்பல் தட்டில் பல் குத்திய குச்சி, சீட்டுக்கு அடியில் காய்ந்த ஆரஞ்சுத் தோல், ஸ்டியரிங்கில் எண்ணெய்ப் பிசுக்கு. நாற்பத்தெட்டு வயது ஆள். தின்ற கையைக் கழுவவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

அன்று ஒன்பது மணிக்குள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் புரை முற்றியிருந்தது. அந்த டாக்டர் மாதத்துக்கு ஒரு நாள்தான் வருவார். தவறினால் அடுத்த மாதம். அதுவரை கண் தாங்குமா என்பதற்கு அவரே பொறுப்பேற்கவில்லை.

மாடியில் அண்ணன், கீழே நான், நடுவில் அம்மாவும் காரும். கார் வாரத்துக்கு ஒருவர் கையில். சாவி மட்டும் எப்போதும் அம்மாவின் அறை ஆணியில். ஆபரேஷனுக்கு யார் கூட்டிப்போனது என்று சொந்தக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். சின்னவன்தான் என்ற பதில் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே பானெட்டைத் திறந்து, எஞ்சின் பற்றுவதற்கான மின்பொறியைத் தரும் காயிலிலிருந்து போகும் தடித்த ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அவன் முந்திக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

காலை ஏழரைக்கு அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஒயரை மாட்டிவிட்டு, சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது. பற்றவில்லை. மறுபடியும் திருப்பினேன். அதே கதைதான்.

அண்ணன் இறங்கி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, காலில் ஷூ, வாயில் மட்டும் பிரஷ். நுரையை என் கால் பக்கத்திலேயே துப்பினான்.

"பேட்டரி போயிருக்கும்டா."

ஹாரனை அமுக்கிக் காட்டினேன். "போன பேட்டரி இப்படிக் கத்துமா?"

"அப்ப பெட்ரோலப் பாரு."

முள் பாதியில் இருந்தது. அவனோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம். எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி முகர்ந்தேன். இவ்வளவு நேரம் சுற்றிய எஞ்சினில் பெட்ரோல் வாசனையே இல்லை. அப்படியென்றால் டாங்கில் இருப்பது எஞ்சினுக்கு வந்துசேரவில்லை. பெட்ரோலைத் தள்ளும் பம்ப் பின்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சாவியைப் போட்டால் இரண்டு விநாடி முனகும்.

"அம்மா, சீட்டுக்கு அடியில ஏதாவது சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலப்பா." கண் மங்கினாலும் அம்மாவுக்குப் பாம்புச் செவி.

ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. அந்தக் குப்பைக்குள் தலையை விட்டேன். யாரோ மென்று ஒட்டிய பபிள்கம் முடியில் இழுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், பம்புக்கான இடம் காலி. எரிந்துபோன ஃபியூஸ் என்றால் அங்கேயே கிடக்கும். தானாக இறங்கி நடந்து போகாது.

"எடுத்தியா?" என்றேன்.

வாயைத் துடைத்துக்கொண்டான். "ஆமா. எட்டு மணிக்கு நானே கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன்."

"சீ. பெத்தவ கண்ணு விஷயத்துலகூடவா?"

"நீ ரொம்ப யோக்கியன். காலைல அஞ்சரைக்கு வந்து பாத்தேன், ஒயர் பிடுங்கிக் கெடக்கு. அதப் பாத்த பிறகுதான் ஃபியூஸ எடுத்தேன்."

பின்சீட்டில் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஃபியூஸ் எங்கே என்று கேட்டேன். பைகளைத் தடவினான். வேறு பேண்டில் இருக்கிறது என்று மாடிக்கு ஓடினான். அதற்குள் அம்மா கதவைத் திறந்து, காரின் உடம்பைத் தடவிக்கொண்டே தெருவுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டு டைலரம்மா ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, என்னை ஆஸ்பத்திரில விட முடியுமா?"

"ஏறுங்கம்மா. கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "ரெண்டு நிமிஷம் இரும்மா."

"உங்கப்பா போனதுலேருந்து இந்த ரெண்டு நிமிஷத்ததான் கேட்டுக்கிட்டே இருக்கீங்க." கையை உதறிவிட்டுப் போய்விட்டாள்.

அவனுக்கு ஃபியூஸ் கிடைக்க முக்கால் மணி நேரமானது. அழுக்குத் துணிக்கூடையைத் தலைகீழாகக் கொட்டியிருக்கிறான். மாட்டியதும் கார் ஒரே திருப்பில் கிளம்பியது. அப்போது மணி எட்டே முக்கால். வழி முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாங்கள் படியேறும்போது அம்மாவை உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரமாகியிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். "ராத்திரிக்கு ஒருத்தர்தான் கூட இருக்கலாம்" என்றாள் நர்ஸ். அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

"நான் இருக்கேன்."

"நீ போ, நான் இருக்கேன்."

அம்மா முகத்தைத் திருப்பவில்லை. "ரெண்டு பேரையும் அனுப்பிடுங்கம்மா. இவ இருப்பா" என்று டைலரம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். அந்தப் பெண் சங்கடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே வந்தோம். கார் பக்கத்தில் நின்று அண்ணன் கையை நீட்டினான்.

"சாவியக் குடு. நாளைக்கு வீட்டுக்கு நான்தான் கூட்டிட்டு வருவேன்."

அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. என்னை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சாவியை நான் கொடுக்கவில்லை.