இறக்கை மேலே உள்ள விமானம்

கிரேன் ஓட்டுநருக்கு இருபத்தாறு வருஷம் ஆகாயத்தில்தான் உத்தியோகம். கட்டடம் வளர வளர அவருடைய கண்ணாடிக் கூண்டும் கூடவே உயரும். போன வருஷம் காதுக்குள் ஏதோ கோளாறு வந்து தலை சுற்ற ஆரம்பித்தது. இனிமேல் உயரம் ஏறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கம்பெனி அவரைக் கீழே கிடங்கில் கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் காவலாக உட்கார வைத்தது. மேலே தன்னந்தனியாக இருந்தபோது தெரியாத தனிமை, கீழே நாலு பேர் நடுவில் அவரைப் பிடித்துக்கொண்டது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. மகள் குடும்பத்தோடு வெகுதூரத்தில் இருந்தாள்.

பஸ் ஏறும் இடத்துக்கு எதிரே ரிமோட் விமானங்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. ஒரு மாசம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர், ஒரு சனிக்கிழமை துணிந்து உள்ளே போனார்.

யாருக்கு வேண்டும் என்று கடைக்காரம்மா கேட்டாள். பேரனுக்கு என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவருக்குப் பேரன் கிடையாது. வெள்ளி நிறத்தில் பளபளத்த போர் விமானத்தைக் காட்டினார்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அது வேகமாகப் போனால்தான் பறக்கும், வேகம் குறைந்தால் கல் மாதிரி விழும் என்றாள். முதன்முதலில் பழகுகிறவருக்கு இறக்கை உடம்புக்கு மேலே இருக்க வேண்டும். அதுதான் ஆடினாலும் தானே நிமிரும். தெர்மகோல் மாதிரி உடம்பாக இருந்தால் விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். சுழல்கிற காற்றாடி பின்பக்கம் இருந்தால் மூக்கு குத்தினாலும் தப்பித்துவிடும். பேரனுக்குப் பொறுமை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றார். கை நடுங்குமா என்றாள். நடுங்காது என்றார். கூட நின்று பார்த்துக்கொள்ள யார் வருவார்கள் என்றாள்.

"யாரும் இல்லம்மா," என்றார். "எனக்குத்தான் வாங்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப இன்னொரு பேட்டரியும் வாங்கிக்குங்க. ஒண்ணு பத்து நிமிஷத்துல தீர்ந்துடும், மனசு ஆறாது," என்றாள்.

மறுநாள் காலை, காற்று எழும் முன்பே ஊருக்கு வெளியே இருந்த வெட்டவெளிக்குப் போனார். முதல் தடவை எறிந்ததும் விமானம் புல்லில் தலைகுப்புற விழுந்தது. இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை எழும்பியது. அவரை நோக்கித் திரும்பி வரும்போது ரிமோட்டின் இடது கண்ணுக்கு வலதாக மாறியது, அவர் தடுமாறவில்லை. கீழே எதிர்முகமாக நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவனின் கையைப் பார்த்தே காலம் கழித்தவர் அல்லவா?

பழைய கூண்டின் உயரத்துக்கு அது போனபோது அண்ணாந்து பார்த்தார். பூமி சுழன்றது. கால் மடங்கியது. ரிமோட்டை மட்டும் விடாமல் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார். படுத்தால் தலைசுற்றல் மெல்ல அடங்கும் என்று தெரியும். அது அடங்கும் வரை விரலை அசைக்கவில்லை. இறக்கை மேலே இருந்த அந்த விமானம் தன் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு புல்லில் படுத்தபடியே அதைத் திருப்பினார், வட்டமடிக்க விட்டார், மோட்டாரை அணைத்து இறக்கினார். அது தொலைவில் சறுக்கிக்கொண்டு போய் நின்றது.

"இறங்கிடுச்சு," என்றார் சத்தமாக. கேட்க ஒரு ஈ காக்கை இல்லை.

மெல்ல எழுந்து உட்கார்ந்து, கால் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதை எடுத்துவர நடந்தார்.