இளைத்துப்போன பிள்ளை

எங்கள் வைக்கோல் போரில் வானத்திலிருந்து விழுந்த மூன்று கண் குட்டியை நான்தான் வளர்த்தேன். தவிட்டில் தொடங்கி வைக்கோல் போர், உரமூட்டை, பம்புசெட்டு மோட்டார் வரை தின்று, கொட்டகைக் கூரையை முட்டும் அளவுக்குக் கொழுத்தது.

இன்று காலை அதன் அம்மா பறக்கும் தட்டில் வந்து, நேற்று நட்ட வயலிலேயே இறங்கினாள். ஒரு நன்றி கிடையாது. பிள்ளையைத் தடவிப் பார்த்து, கழுத்தில் தொங்கிய பெட்டி வழியாகத் தமிழில் புலம்பினாள்: "இளைச்சுப் போயிட்டியே, தங்கம். இங்க யாரும் சோறே போடலையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மோட்டாரைத் தின்ன பிள்ளை இளைச்சுப் போச்சாம். சொல்ல வாய் கூசல?" என்று, திருவையாற்றிலிருந்து என் மகனோடு வந்திருந்த மருமகள் கலைமகளிடம் கேட்டேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள். "நேத்து நாங்க வந்து இறங்கினதும் உங்க மகனைத் தடவிப் பார்த்து நீங்களும் இதைத்தான் சொன்னீங்க, அத்தை."