நோன்பு நாட்களின் மின்கட்டணம்

1

இக்கதை தேக்கா அங்காடியில் பிறந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் தேநீரை ஆற்றியபடி, "ரூம்ல இருந்த பொண்ண அனுப்பிட்டேன்லா, கரண்டு பில் தாங்கல," என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மிச்சம் முழுவதும் என் கற்பனை, பழியும் என்னுடையதே.

பதிகங்களில் ஊறிய கை என்னுடையது. முதலில் இப்படித் தொடங்கிற்று: 'இருள் கடியும் பெருஞ்சுடரே, நின்னை அளக்கவும் ஒரு கருவி...'

(அடித்துவிட்டேன். மின்கட்டண ரசீதுக்குக் கடவுள் வாழ்த்து எதற்கு?)

2

குவீன்ஸ்டவுனில் அருளானந்தமும் அவர் மனைவி பிரிஜட்டும் வாழும் வீட்டில் ஓர் அறை நஸீஹாவுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. அவள் மருத்துவமனைத் தாதி. இரவெல்லாம் வேலை, பகலில் உறக்கம். அறைக்குரிய விதியோ, குளிக்க வெந்நீர் கிடையாது, இரவில் மட்டுமே ஏர்கான் எனும் குளிர்சாதனம் என்பது.*

* வாடகை அறைகளில் வழக்கமான விதிதான். இரவில் உழைப்போரை எண்ணி எவரும் அதை இயற்றியதில்லை.

அவ்வாண்டு தவக்காலமும் ரமலானும் சேர்ந்தே வந்தன. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று அருளானந்தம் வெந்நீரைத் துறந்தார்; வீடே துறக்க வேண்டும் என்றார். பிரிஜட் தன் வழக்கப்படி, நடைவழியிலிருந்த திரு இருதயப் படத்தை ஊதாத் துணியால் மூடினாள். பழைய சேலையில் கிழித்த துணி. சுவரில் நெடுகத் தொங்கியது.

அடுத்த கட்டணம் இரு மடங்காக வந்தது.

"பகல்ல ஏர்கான் போடறியாம்மா? உள்ளதச் சொல்லு."

"ரிமோட்டு உங்க அலமாரியிலதானே இருக்கு அங்கிள்?"

"இப்பல்லாம் போன்லயே ரிமோட் இருக்காம்ல. சரி, விடியறதுக்கு முன்ன அடுப்படில சத்தம் கேக்குதே?"

"லீவு நாள்ல சஹருக்கு ஒரு பிடி சோறு. அதுக்கா டபுள் பில்லு?"

"நாங்களும் நோன்புதான். பச்சத் தண்ணியிலதான் குளிக்கிறோம்."

"உங்களுக்கு அது தவம் அங்கிள். எனக்கு அது வருஷம் பூரா வீட்டு ரூல்லா."

அந்தச் சொல்தான் அவரைச் சுட்டது. மாத முடிவுக்குள் வேறு இடம் பார்க்கச் சொன்னார்.

3

(இவ்விடத்தில் பிரிஜட் வாய் திறந்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். 'பாவம், அந்தப் பிள்ளை...' என்று தொடங்கி நின்ற வாக்கியத்தை மட்டும் விட்டுவைக்கிறேன்.)

பழைய அகப்பாட்டில் பிரிவுக்கென்றே ஒரு பாலை உண்டு. இங்கே அதற்கு மின்தூக்கி போதும். நோன்புப் பெருநாளுக்கு முன்பே நஸீஹா பெட்டியோடு கீழே இறங்கினாள். கிளமெண்டியில், தோழி ஒருத்தியின் அறைத் தரையில் அவளுக்கு ஒரு மெத்தை கிடைத்தது.

4

உயிர்ப்புப் பெருவிழாக் காலையில் பிரிஜட் ஊதாத் துணியை அகற்றினாள். ஆண்டவரின் திருவடிக்குக் கீழே ஒரு சிறு சிவப்பு விளக்கு எரிந்தது.

"இங்க வாங்களேன்."

வெந்நீர்த் தொட்டியின் சுவிட்ச். விபூதிப் புதனுக்கு முந்திய இரவு, கடைசி வெந்நீர்க் குளியலுக்காக அருளானந்தம் போட்டது. மறுநாள் துணி அதை மூடிற்று. வெந்நீரைத் துறந்த வீட்டில் குழாயைத் திருப்பிப் பார்க்கவும் ஆளில்லை. சூட்டைப் பிடித்துவைக்கத் தெரியாத அந்தக் கிழட்டுத் தொட்டி, தவக்காலம் முழுவதும் தனக்குத்தானே நீர் காய்ச்சிக்கொண்டிருந்தது.

"அந்தப் பிள்ளைக்கு போன் பண்ணுங்க."

"பண்ணி என்னன்னு சொல்ல?"

"பார்த்ததச் சொல்லுங்க."

"பூசைக்கு நேரமாச்சு," என்று அவர் துண்டை எடுத்தார். தவக்காலம் முடிந்திருந்தது. அந்த வெந்நீரிலேயே குளித்தார்.

5

முடிவொன்று: அவர் அழைக்கிறார், நஸீஹா திரும்புகிறாள். (பொய். அவள் திரும்பமாட்டாள், அவ்வளவு தன்மானத்தை நானே அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.)

முடிவு மற்றொன்று: சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். மன்னிப்புக் கிடைக்கிறது. அவளுக்கு மட்டும் செய்தி போகவில்லை.

இரண்டாவதை எழுத என் கை துடிக்கிறது. எத்தனை அழகாய் எழுதுவேன் தெரியுமா! கண்ணீர் மல்க, நா தழுதழுக்க... அதனால்தான் எழுத மறுக்கிறேன். உருகிப் பாடப் பழகிய மொழி இது. அருளானந்தத்தை நான் தொட்டால், அது அவரை அழவைத்து, கரையேற்றிவிடும்.

அவர் கைபேசி மேசைமேல் இருக்கிறது. அவள் எண் இன்னும் அழிக்கப்படவில்லை. வாசகரே, விரல் உங்களுடையது. ஆனால் பகலில் அழைக்காதீர்கள். அவள் உறங்கும் நேரம்.